பிடித்ததும் விற்பதும்

கொல்கத்தாவின் நியூ டவுன் அடுக்ககத்தில் இருந்தபடியே காந்தா தையல் போட்ட புடவை விற்க இன்று கடை வேண்டாம்; செல்போன் போதும். வங்காளத்தின் நக்‌ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பல தலைமுறைகளாக அது விற்பனைச் சரக்காகவே இருக்கவில்லை. நைந்த புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலை ஓட்டி, வீட்டுப் பிள்ளைக்காகப் பெண்கள் தைத்த போர்வை. ஆசைக்குத் தைத்தவளை யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆர்டர் வந்ததும் கதை மாறுகிறது. முதல் புடவையில் மீனும் தாமரையும் வருவது ஆசையால். ஆறாவது புடவையிலும் அதே மீன், அதே தாமரை வருவது கொடுத்த வாக்கால். ஊசி பிடிக்கும் நேரம் போக, நிறம் மாறாமல் படம் எடுக்க வேண்டும், பார்சல் கட்ட வேண்டும், ‘கடைசி விலை என்ன?’ என்று நள்ளிரவில் கேட்பவருக்கும் முகம் சுளிக்காமல் பதில் போட வேண்டும். பிடித்ததைத் தொழிலாக்கினால் களைப்பே தெரியாது என்பவர்கள் பெரும்பாலும் பார்சல் கட்டாதவர்கள். விலை போடும்போதோ துணிக்கும் நூலுக்கும் பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கும். மாதக்கணக்கில் குனிந்திருந்த முதுகு மட்டும் இனாமாகப் போய்விடும்.