முஸாபிர் யார்?

கனாரித் தீவுகள் ஸ்பெய்னுக்கு உரியவை. ஆனால் அவை கிடப்பது ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால். மிக அண்மிய தீவுக்கும் ஆபிரிக்கக் கரைக்கும் இடையே 100 கிலோமீற்றர் அளவுதான் தூரம். அவற்றுள் பெரியது தெனெரீபே. நடுவில் 3,715 மீற்றர் உயர்ந்து நிற்கும் தெய்தே எரிமலை, சரிவுகளில் வாழைத் தோட்டங்கள், ஆண்டு முழுவதும் இதமான வெயில். இலண்டனில் வாழும் என் மகளின் குடும்பம் பள்ளி விடுமுறையில் ஒரு கிழமை அங்கு போனது. என்னையும் கூட்டிப் போனார்கள்.

லொஸ் கிறிஸ்தியானொஸ் என்ற ஊரில் உல்லாசப் பயணிகளின் கடற்கரையும் துறைமுகமும் பக்கத்துப் பக்கமாக இருக்கின்றன. ஒரு மாலை துறைமுகப் பக்கமாக நடந்தபோது, வர்ணம் பூசிய நீண்ட மரத்தோணி ஒன்று கட்டிக் கிடக்கக் கண்டோம். என் எட்டு வயதுப் பேத்தி கேட்டாள்:

“மூத்தவாப்பா, இந்தத் தோணியில வந்த ஆக்கள் எங்க?”

“அவங்களும் பயணம் வந்த ஆக்கள்தான் மகள்” என்றேன்.

“எங்களப் போலவா?”

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டில் கனாரித் தீவுகளுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 1 கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகம். அதே ஆண்டில் தோணிகளில் வந்து சேர்ந்தோர் 46,800 பேருக்கும் அதிகம். ஸெனகல், மொரிட்டானியா, கம்பியா, மொரோக்கோ ஆகிய கரைகளிலிருந்து வருகிறார்கள். ஸெனகலிலிருந்து புறப்பட்டால் 1,500 கிலோமீற்றர் வரை திறந்த கடல். வருவோரில் மீனவர்களும் உண்டு. பெரிய இழுவைக் கப்பல்கள் அள்ளிய பின் தம் கடலில் மீன் குறைந்துபோக, மீன்பிடித் தோணியையே பயணத் தோணியாக்கியவர்கள். திசை தவறி மேற்கேயுள்ள எல் ஹியரோ தீவையும் தாண்டிவிட்டால், பிறகு அமெரிக்கக் கண்டம் வரை கரையே இல்லை. மொரிட்டானியாவிலிருந்து புறப்பட்டதாகக் கருதப்படும் ஒரு படகை 2024 ஏப்ரலில் பிரேஸில் மீனவர்கள் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்பது மையித்துகள் கிடந்தன.

வருவோரில் பெரும்பாலோர் முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்தத் தோணியில் தொழுதவர் கஸ்ராகத் தொழுதிருப்பார். நான் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, ஓரிடத்தில் நான்கு நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத்து வைத்தவருக்குக் கஸ்ர் இல்லை. ஒரு கிழமைக்கு அறை எடுத்திருந்த நான் அங்கே முழுமையாகத்தான் தொழுதேன். பயணி என்று பெயர் சூட்டிக்கொண்டு போன நான் சட்டத்தின் பார்வையில் முஸாபிர் அல்லன். சட்டவிரோதமாக நுழைந்தவர் என்று செய்தியில் சொல்லப்படுகிறவரே முஸாபிர். ஸகாத்துக்குரிய எட்டுக் கூட்டத்தாரில் வழிப்போக்கரையும் மார்க்கம் சேர்த்திருப்பது அவரை மனதில் வைத்துத்தான்.

அப்படியானால் அந்தக் கடற்கரையில் மகிழ்ந்திருப்பது குற்றமா? குற்றம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எங்கோ ஒருவர் அழுதுகொண்டிருக்கும் வரை யாரும் சிரிக்கலாகாது என்றால் இந்தத் துன்யாவில் எந்தக் குழந்தைக்கும் சிரிப்பு ஹலாலாகாது. குழந்தைகளின் சந்தோஷமும் நம்மிடம் தரப்பட்ட அமானிதமே.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. தெனெரீபேயின் வடகிழக்கில் லாஸ் தெரெஸித்தாஸ் என்ற பொன்னிறக் கடற்கரை உண்டு. எரிமலைத் தீவின் மணல் கறுப்பு. பயணிகள் விரும்புவதோ பொன் மணல். ஆகவே 1970களில், அப்போது ஸ்பெய்னின் ஆட்சியிலிருந்த ஸஹாராவிலிருந்து மணலைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆபிரிக்காவின் மணல் வந்தால் வரவேற்பு, மனிதன் வந்தால் காவல். இந்த ஏற்பாட்டின் மீது துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்வதில்தான் குற்றம் தொடங்குகிறது. கடலைப் பார்க்கப் பணம் கட்டிப் போகிறோம், கடலில் உள்ளதைப் பார்க்காதிருக்கவும் அந்தப் பணத்திலேயே ஒரு பங்கைக் கட்டுகிறோம்.

பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2006 ஓகஸ்டில் தெனெரீபேயின் லா தெஹித்தா கடற்கரையில் ஒரு தோணி வந்து ஒதுங்கியது. வந்தவர்கள் நடக்கவும் சக்தியின்றி மணலில் விழுந்தார்கள். கடலாடிக்கொண்டிருந்த விடுமுறைக்காரர்கள் ஓடிவந்து, தண்ணீர் பருக்கி, தம் துவாய்களால் போர்த்தி, செஞ்சிலுவையினர் வரும்வரை பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் அதற்காக அங்கு வந்தவர்கள் அல்லர். விடுமுறையை இடையில் முறித்தார்கள், அவ்வளவுதான்.

நீரில் மூழ்குகிறவரைக் காப்பாற்றத் தொழுகையையே முறிக்க வேண்டும் என்பது நம் பிக்ஹு. தொழுகையை முறிக்கச் சொல்லும் மார்க்கம் விடுமுறையை முறிக்கச் சொல்லாதா?

கண்முன் காண்பவருக்கு அது சரி, காணாதவருக்கு என்ன கடமை என்று கேட்கலாம். ஜனாஸாத் தொழுகையைப் போல இதுவும் பர்ளு கிபாயா. சிலர் நிறைவேற்றினால் மற்றவர்கள் விடுபடுவார்கள். ஸ்பெய்னின் கடல் மீட்புப் பணியாளர்களும் எல் ஹியரோ மக்களும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஏறத்தாழ 11,000 பேர் வாழும் அத்தீவில் 2023இல் தன் சனத்தொகையை விட அதிகமானோர் வந்து இறங்கினார்கள். அங்குள்ள மயானங்களில் பெயர் தெரியாதவர்களின் அடக்கத்தலங்களும் உண்டு. 2025 மே 28 அன்று லா ரெஸ்திங்கா துறைமுகத்தில், கரையைத் தொடும் தறுவாயில் ஒரு தோணி கவிழ்ந்து ஏழு பெண்களும் சிறுமிகளும் இறந்தார்கள். செய்கிறவர்கள் இருந்தும் போதவில்லை. போதாதபோது கிபாயா நிறைவேறுவதில்லை, சுமை எல்லோர் தோளுக்கும் திரும்பி வருகிறது. அதை அந்தத் தீவு மக்களின் தலையில் மட்டும் கட்டுவதும் அநீதி. உல்லாசப் பயணத்துறை பெருத்து வீட்டு வாடகை ஏறிவிட்டதென்று 2024 ஏப்ரலில் பல்லாயிரக்கணக்கில் வீதிக்கு இறங்கியவர்கள் அவர்கள். வறுமைக்கும் அடக்குமுறைக்கும் தப்பி 1950ஐ அண்டிய ஆண்டுகளில் களவாகப் பாய்க்கப்பல் ஏறி வெனிசுவேலாவுக்குப் போனவர்கள் அவர்களது பாட்டன்மார்.

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கிழக்குக் கரையில் உடுத்த துணியோடு ஓடியவர்களில் நானும் ஒருவன். உள்ளூரில் ஒரு வீட்டார் எனக்குச் சாரன் தந்தார்கள். பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டையும் கேட்கவில்லை. அந்தச் சாரனின் கடன் இன்னும் என் கழுத்தில் கிடக்கிறது.

ஊர் திரும்புவதற்கு முந்திய இரவு பேத்தியை அருகில் இருத்தி, சொல்லாமல் விட்ட பதிலைச் சொன்னேன்.

“எங்களப் போலதான் மகள். ஆனா அவங்களுக்கு டிக்கட் குடுக்க ஆருமில்ல.”

அவள் சற்று யோசித்துவிட்டு, “அப்ப நாம குடுத்தா என்ன?” என்றாள். அவளுடைய வாப்பாவும் உம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.