களைதலும் கருணையும்

நம் முனிவர் பெருமக்கள் மேற்கொள்ளும் இருபத்தெட்டு மூலகுணங்களுள் லோச்சும் ஒன்று என்பதை நாம் அறிவோம். இரண்டு முதல் நான்கு திங்களுக்குள் ஒருமுறை தலைமயிரையும் முகமயிரையும் தம் கையாலேயே அவர்கள் களைகின்றனர். உடற்பற்றை ஒழிக்கும் நோன்பு அது. அதனைக் கண்டு கைகூப்பும் நம் குடும்பங்களுள் ஒன்றில், நாற்பத்தைந்து வயதான ஓர் அம்மையார், "பிறர் முகத்திலுள்ள வேண்டா மயிரை மின்னூசியால் நீக்கும் தொழிலைக் கற்கப் போகிறேன்" என்று கூறினால் நாம் என்ன சொல்வோம்? "உடலை அழகுபடுத்தும் தொழில் நமக்கெதற்கு? அதுவும் இந்த வயதிலா?" என்றுதானே கேட்போம்? கேள்வி தவறன்று. ஆயினும் விடை கூறுமுன் அத்தொழிலின் இயல்பை அறிதல் நலம்.

இத்தொழில் அழகு நிலையத்தில் பிறந்ததன்று. 1875 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த சார்லஸ் மிஷெல் என்னும் கண் மருத்துவர், இமைமயிர் உள்நோக்கி வளர்ந்து விழியை உரசும் நோய்க்கு இம்முறையைக் கையாண்டார். பிடுங்கிய மயிர் மீண்டும் முளைத்து வருத்தியதால், மயிர்க்குழியினுள் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினார். அக்குழியிலுள்ள உப்பும் நீரும் பிரிந்து காரம் உண்டாகி, மயிரை வளர்க்கும் திசுவை அழித்தது. மின்னாற்பகுப்பு என்னும் இம்முறையின் தொடக்கம், ஒரு நோயாளியின் துன்பத்தைத் துடைக்க எழுந்த முயற்சியே.

இன்று இதனை நாடுவோர் யாவரும் ஆடம்பரம் விரும்புவோர் அல்லர். சுரப்பிகளின் மாறுபாட்டால் முகவாயில் மயிர் அடர்ந்து வளர, அதனை மறைக்க முந்தானையால் முகத்தை மூடும் இளம்பெண்கள் உளர். அவர்களுடைய உடலில் வலி இல்லை. ஊரார் பார்வையே வலி. அப்பார்வை நம்முடையதாகவும் இருக்கலாம். ஆகவே அவர்களை ஏளனம் செய்யாதிருத்தல் நம் முதற்கடமை. ஆனால் "உலகம் திருந்தட்டும், அதுவரை பொறுத்திரு" என்று அப்பெண்ணிடம் கூறுவது அறமாகுமா? துன்பத்தின் காரணம் பிறரிடம் இருப்பினும், துன்பம் அவளுடையதே.

எனினும் இத்தொழிலில் ஓர் இடர் உண்டு. பிறர் நாணத்தால் இதில் வருவாய் வருகிறது. நாணம் பெருகினால் வருவாயும் பெருகும். முகவாய்க்காக வந்தவளிடம் "கையிலும் உள்ளதே" என்று சுட்டிக்காட்டுபவர், இல்லாத துன்பத்தை விதைத்து அதனை விற்பவர் ஆகிறார். அவ்வாறே, வளர்பருவத்திலுள்ள மயிரே முழுமையாக அழிபடும் என்பதால், ஓராண்டோ அதற்கு மேலுமோ பலமுறை வர நேரும் என்பதை முதல் நாளிலேயே சொல்லாமல் மறைப்பது பொய்ம்மையே. ஒருமுறை இட்ட ஊசியை மற்றொருவருக்கு இடாமையும், தோலைப் புண்படுத்தும் அளவுக்கு மின்சாரத்தைக் கூட்டாமையும் இத்தொழிலின் அகிம்சை.

இனி வயதைப் பற்றிச் சில சொல்வோம். நாற்பதைக் கடந்தோர்க்கு அண்மைப் பார்வை குறையும்; உருப்பெருக்கும் கண்ணாடியும் நல்ல விளக்கும் துணை செய்யும். மயிர் வளரும் சாய்வை அறிந்து, அதே சாய்வில் ஊசியைச் செலுத்தக் கை பழக வேண்டும். கலிபோர்னியா மாநிலத்தில் இத்தொழிலுக்கு உரிமம் பெற 600 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது இதன் அருமையைக் காட்டும். தம்மினும் இளையோரிடம் மாணவராய் அமர்ந்து, "பிழை, மீண்டும் செய்க" என்னும் சொல்லைக் கேட்டல் எளிதன்று. தன்முனைப்பும் ஒருவகைக் களையே. அதைக் களைய நடுவயதுக் கல்வியைவிட நல்ல வாய்ப்பு வேறு யாது? பொறுமையும், பிறர் சொல்லாத துயரை முகக்குறிப்பால் அறியும் பக்குவமும் அவ்வயதினரிடம் முன்பே உள்ளன.

செம்மையாகச் செய்த சிகிச்சைக்கு ஓர் அடையாளம் உண்டு: இடுக்கியால் எடுக்கையில் மயிர் இழுபடாமல் தானே வழுகி வரும். இழுபட்டால் வேர் இன்னும் விடவில்லை என்று பொருள். வலிந்து பிடுங்கியதன்று, பற்று விட்டதே நீங்கியது என்பதை இதனினும் எளிதாக விளக்க இயலுமோ!

முனிவர் களைவது தம் பற்றை; இவ்வம்மையார் களைய முற்படுவது பிறர் துயரை. முன்னது துறவறம். பின்னது, பேராசை கலவாதவரை, இல்லறத்தார்க்குரிய நற்றொழில். ஆகவே அவ்வம்மையாரிடம் "எதற்கு?" என்று கேட்பதை விடுத்து, "எவ்வாறு செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்போமாக. அவ்விடையில்தான் அத்தொழிலின் அறம் இருக்கிறது.