தெரியாத வேலைக்கு வாங்கிய கூலி

ஆரணி என்றதும் பலருக்குப் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நான் எழுதுவது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்தை அடுத்து, ஆரணியாற்றங்கரையில் இருக்கும் சிறிய ஆரணியைப் பற்றி. இங்கும் தறிச்சத்தம் கேட்டுப் பழகிய காதுகள் உண்டு. ஆனால் இன்று இளைஞர்களில் பலர் சுபுஹு தொழுத கையோடு புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி வேன் ஏறிப் போகிறார்கள்.

அப்படிப் போகிறவர்களில் ஒரு தம்பி, சில மாதங்களுக்கு முன் இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் எழுந்திருக்காமல் தூணருகே உட்கார்ந்திருந்தார். அருகில் போனேன்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி வாங்கிய கூலி ஹலாலா?”

விவரம் கேட்டேன். அவர் ஒரு காண்ட்ராக்டரிடம் வெல்டிங் ஹெல்பராக நான்கு வருடம் இருந்தவர். கிரைண்டர் பிடிப்பது, ராடு எடுத்துக் கொடுப்பது, கசடு தட்டுவது, இடையிடையே தரையில் படுக்க வைத்த தகட்டை ஒட்டுவது, இவைதான் அவர் வேலை. ஒருநாள் ஆள் குறைந்தது. “பைப்பு ஒட்டத் தெரியுமா?” என்று சூப்பர்வைசர் கேட்டார். “தெரியும்” என்று இவர் சொல்லிவிட்டார். அன்று முதல் நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் அதிகம். பத்தொன்பது நாள் அந்தக் கூலி வாங்கியிருக்கிறார்.

தகடு ஒட்டுகிறவனுக்குப் பைப்பு ஒட்ட வராதா என்று நானும் அறியாமல் கேட்டேன். அவர் தம் கையையே பைப்பாக வைத்துக் காட்டி விளக்கினார். படுத்திருக்கும் தகட்டில் உருகிய இரும்பு தன் இடத்திலேயே நிற்குமாம். அசையாமல் மாட்டியிருக்கும் பைப்பில் மேலே ஒட்டும்போது ஒரு கை, பக்கத்தில் வரும்போது வேறு கை, அடியில் போகும்போது உருகிய இரும்பு கீழே சொட்டப் பார்க்கும், அதற்கு இன்னொரு கை. பைப்பை 45 பாகைச் சாய்வில் நிறுத்திச் சுற்றிலும் ஒட்டச் சொல்வதுதான் அந்தத் தொழிலில் கடினமான பரீட்சைகளில் ஒன்று. 6ஜி என்று அதற்குப் பெயர்.

“நான் ஒட்டியது வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது ஹஜ்ரத். கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கிவிட்டேன். உள்ளே எப்படி என்று எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். எல்லா மூட்டையும் எக்ஸ்ரே எடுக்கமாட்டார்கள். நூற்றுக்கு இத்தனை என்று எடுப்பார்கள். எடுத்ததில் என்னுடையது இல்லை. அதற்குள் நீராவி போகும்.”

அன்பார்ந்த சகோதரர்களே, தாய்மார்களே! இந்தக் கேள்வி ஒரு வெல்டரின் கேள்வி மட்டுமன்று. ‘தெரியும்’ என்று நாம் சொல்லிவிட்டு வந்த இடங்களை எண்ணிப் பார்த்தால் நம்மில் பலருக்குத் தூக்கம் வராது.

கருணை நபி (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைவீதியில் நடந்து போகையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தியை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று நாயகம் எச்சரித்தார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. நனைந்த தானியத்தை விற்பதையும் நாயகம் தடுக்கவில்லை. ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம். கிரைண்டரால் வழவழப்பாக்கிய மூட்டுக்கும் அந்தக் குவியலுக்கும் என்ன வித்தியாசம்?

குறை இருப்பது வேறு, அதை மறைப்பது வேறு என்பதை இன்னொரு நிகழ்ச்சியும் காட்டுகிறது. அபூதர் (ரலி) அவர்களின் பேணுதலையும் உண்மையையும் பற்றி நமக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஸஹாபி தமக்கு ஒரு பொறுப்புத் தரும்படி கேட்டபோது, அவர் அதற்குப் பலவீனமானவர் என்றும் அது அமானிதம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் நேருக்கு நேர் சொல்லி மறுத்தார்கள். இதனால் அவருடைய மதிப்பு ஓர் அணுவளவும் குறையவில்லை. ‘உனக்கு இந்த வேலை வராது’ என்பதை ‘நீ கெட்டவன்’ என்பதாக எடுத்துக்கொள்ளும் ரோஷம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மறுபுறம் யூஸுப் (அலை) அவர்கள் மிஸ்ரின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றதைத் திருமறையின் 12-வது அத்தியாயம் கூறுகிறது. தாம் பாதுகாப்பவர், விவரம் அறிந்தவர் என்ற இரண்டையும் சொல்லித்தான் கேட்டார்கள். சொன்ன இரண்டும் அவர்களிடம் இருந்தன. ஆகவே மேலே போக விரும்புவது பேராசை என்று யாரும் அந்தத் தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

நான் அவருக்குச் சொன்னது இதுதான்: “தம்பி, முதலில் கூலியைப் பற்றிப் பேசவேண்டாம். நாளைக் காலையிலேயே போய், எந்த எந்த மூட்டு உங்கள் கை வைத்தது என்று சூப்பர்வைசரிடம் காட்டிவிடுங்கள். அதற்குப் பக்கத்தில் நாளை யாரோ ஒருவர் நின்று வேலை செய்யப் போகிறார். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் அதனால் நேர்ந்த கேட்டுக்குப் பொறுப்பாளி என்று ஹதீஸில் வந்திருக்கிறது. இரும்புக்கும் அந்த நியாயம் உண்டு. அதற்குப் பிறகு கூலி. நேரத்தைக் கொடுத்தீர்கள், உழைத்தீர்கள், ஹெல்பருக்குரியது உங்களுக்கு ஆகும். கூடுதலாக வாங்கிய மூவாயிரத்து எண்ணூறு ரூபாயை, இன்னதற்காக வாங்கினேன் என்று சொல்லிக் கொடுங்கள். அவராக விட்டுக் கொடுத்தால் ஹலால்.”

“வேலை போய்விட்டால்?”

“போகலாம்” என்றேன். போகாது என்று ஆறுதல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

அன்றிரவு எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளி, தம்முடைய பிராவிடண்டு பண்டுக்கு ஜகாத் உண்டா என்று கேட்டார். கிதாபுகளில் ஓதிய கடன் பற்றிய சட்டத்தை வைத்து உடனே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பணம் எப்படிச் சேர்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது. அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 12 வீதம் தொழிலாளியிடம் பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு போடுகிறார், முதலாளி போடுவதில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது என்றெல்லாம் பிற்பாடு ஜமாஅத்தில் கணக்கெழுதும் ஒரு பிள்ளையிடம் உட்கார்ந்து கற்றேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். கட்டாயமாகப் பிடிக்கும் தொகைக்கும், ஒருவர் தாமாக விரும்பிக் கூடுதலாகச் சேர்க்கும் தொகைக்கும் சட்டம் ஒன்றல்ல என்று பல உலமாக்கள் பிரித்துச் சொல்லியிருப்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. முதலில் கேட்டவரைத் தேடிப்போய் என் பதிலைத் திருத்தினேன். நானும் பைப்பு ஒட்டியவன்தான். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டு, 32 கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னதாக வரும் செய்தியை மதரஸாவில் எத்தனை முறை வாசித்திருப்பேன்! வாசித்தது நாக்கில் இறங்கவில்லை.

தம்மிடம் என்ன குறை என்பது தமக்கே தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள பெரிய சங்கடம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நப்ஸின் குறைகளை அறிந்துகொள்ள நான்கு வழிகளைக் கூறியிருக்கிறார்கள். உள்ளத்தின் நோய்களுக்காகச் சொன்னவை அவை. கைத்தொழிலின் குறைகளுக்கும் அப்படியே பொருந்துவதைப் பார்த்து வியந்தேன். அறிந்த குருவின் முன்னால் உட்காருவது முதல் வழி. நம்மைக் கவனித்துச் சொல்லும்படி உண்மையான நண்பர் ஒருவரை வைத்துக்கொள்வது அடுத்தது. உமர் (ரலி) அவர்கள் தம் குறைகளை ஸல்மான் (ரலி) அவர்களிடம் வற்புறுத்திக் கேட்டதை இமாமவர்கள் இங்கேதான் எடுத்துக் காட்டுகிறார்கள். அமீருல் மூமினீனே கேட்டார்கள் என்றால், நான்கு வருட ஹெல்பர் மூத்த வெல்டரிடம், “நான் ஒட்டியதில் என்ன கோளாறு, சொல்லுங்கள்” என்று கேட்பதில் என்ன வெட்கம்?

மூன்றாவது வழி கசப்பானது. பகைவன் நம்மைப் பற்றிப் பேசுவதைக் கேட்பது! நண்பன் மூடி வைப்பதைப் பகைவன் திறந்து காட்டுவான். சிப்காட்டில் நம் பிள்ளைகளுக்குப் பகைவர் இல்லை, போட்டியாளர் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நம் வேலையைப் பறித்துக்கொண்டார்கள் என்று டீக்கடையில் பேசுகிறோம். குறைந்த கூலிக்கு அவர்களை வைத்து வேலை வாங்குகிறார்கள் என்பதும் பொய்யன்று. அந்த அநியாயத்தை வேறொரு நாள் பேசவேண்டும். ஆனால் அவர்களில் ஒருவர் நம் பிள்ளையைவிட நல்ல வேலைக்காரராக இருந்தால், அவரைத் திட்டுவதால் நம் பிள்ளையின் கைக்கு என்ன வந்துவிடப் போகிறது? பிறரோடு கலந்து, அவர்களிடம் காணும் குறை தம்மிடமும் உண்டா என்று பார்ப்பது நான்காவது வழி.

குறையைக் கண்டபின் அதை அடைப்பது எப்படி? ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களின் செய்தியை இந்த இடத்தில் நினைக்கவேண்டும். அவர்கள் அரபி எழுதத் தெரிந்த இளைஞர். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குக் கட்டளையிட்டார்கள். தம் கடிதப் போக்குவரத்தில் அவர்களை நம்பியிருக்க நாயகம் விரும்பவில்லை. ஏறத்தாழ அரை மாதத்தில் ஜைது கற்றுத் தேர்ந்து, அதன்பின் அவர்களுக்கு எழுதுவதும் அவர்களிடமிருந்து வருவதைப் படிப்பதும் அவருடைய பணியாயிற்று என்று திர்மிதியில் வருகிறது. ‘ஏதாவது படித்து முன்னுக்கு வா’ என்று பொதுவாகச் சொல்லவில்லை. இன்ன வேலைக்கு இன்னது குறைகிறது, அதைக் கல் என்று குறிப்பாகச் சொல்லப்பட்டது. நம் வீடுகளில் பிள்ளைக்குச் சொல்லும் புத்தி பெரும்பாலும் முதல் வகைதான்.

வயதாகிவிட்டது என்பவர்களுக்கு மர்வு நகரத்துக் கப்பால் (ரஹ்) அவர்களைச் சொல்வேன். ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவர்; ஹிஜ்ரி 417-ல் மறைந்தவர். கப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். நான்கு தானியமணி எடையில் சாவியோடு ஒரு பூட்டைச் செய்யும் அளவுக்குக் கைவேலை தெரிந்தவர், முப்பது வயதளவில்தான் பிக்ஹு ஓத உட்கார்ந்தார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வழிகள் அடைபடவில்லை. 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது, ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன; தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022-ல் தொடங்கிற்று. ஆனால் சான்றிதழ் ஒன்றை மாட்டிக்கொண்டு கையில் வேலை வராமல் இருப்பதும் மேலே காய்ந்த தானியம்தான்.

இவற்றையெல்லாம் ஒரு ஜும்ஆவில் சொன்னபோது பெரியவர் ஒருவர், தறியில் வாழ்நாளைக் கழித்தவர், என்னைப் பிடித்துக்கொண்டார். “ஹஜ்ரத், கிடைத்தது போதும் என்கிற கனாஅத் எங்கே போயிற்று? எல்லோரும் மேலே ஏறிக்கொண்டே இருக்கவேண்டுமா?” நியாயமான கேள்வி. கனாஅத் என்பது அல்லாஹு தஆலா அளந்த ரிஜ்கில் மனம் நிறைவது. கூலியில் போதும் என்று சொல்லலாம். செய்யும் வேலையில் அரைகுறையாக இருந்துகொண்டு போதும் என்று சொல்வதற்குக் கனாஅத் என்று பெயரில்லை என்றேன். அதே சமயம், ஹெல்பராகவே இருந்து தன் வேலையைச் சுத்தமாகச் செய்து வீடு திரும்புகிறவரை யாரும் இளக்காரமாகப் பேச வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொண்டேன். பெரியவர் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. “தறியில் நாங்கள் அரைகுறையாக நெய்யவில்லை ஹஜ்ரத், எங்கள் வேலைதான் குறைந்துபோயிற்று” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கை நிறைவாக இருந்தும் காலம் மாறிப்போவது உண்டு. அது அவருடைய குறையன்று.

அந்தத் தம்பி மறுநாளே போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் ஒட்டிய ஆறு மூட்டுகளையும் எக்ஸ்ரே எடுத்தார்களாம். இரண்டை வெட்டி எடுத்து மறுபடி ஒட்டவேண்டி வந்தது. காண்ட்ராக்டர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்தவுமில்லை. கூடுதல் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுக்கொடுத்தார். தம்பி பழையபடி கிரைண்டருக்குத் திரும்பினார். வீட்டில் அத்தாவுக்கு வருத்தம்தான். தங்கையின் நிக்காஹ் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் ஒடிசாக்காரரான ஒரு மூத்த வெல்டர் கழிவுப் பைப்புத் துண்டுகளை வைத்து அவருக்குக் கற்றுக் கொடுக்கிறார். இவருக்கு அரைகுறை ஹிந்தி, அவருக்கு அரைகுறைத் தமிழ்.

போன வாரம் அஸருக்கு வந்தபோது கைக்குட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். ஒட்டிய இடத்தை நீளவாக்கில் கீற்றாக அறுத்து வளைத்துப் பார்ப்பது அவர்களுடைய சோதனையாம். குதிரைலாடம் போல் வளைந்த நான்கு இரும்புக் கீற்றுகளை மிஹ்ராபுக்கு வெளியே படிக்கட்டில் வைத்தார். மூன்றில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்காவதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, மயிரிழை போல் ஓடிய ஒரு விரிசலின் மேல் விரலை வைத்தார்.

“பைப்புக்கு அடியில் போகும்போது, இந்த இடம் ஹஜ்ரத். இது மட்டும் இன்னும் வரவில்லை.”