இளைப்பாறுவதா, இருப்பதா?



நமது நாட்டில் அரச பாடசாலை ஆசிரியர் ஒருவர் விரும்பினால் 55 வயதில் இளைப்பாறலாம். 60 வரை பணியிலிருக்கவும் சட்டம் இடமளிக்கிறது. 2022ஆம் ஆண்டில் 65 ஆக்கப்பட்ட எல்லை, அவ்வாண்டு முடிவோடு மீண்டும் 60 ஆயிற்று. சட்டம் வயதைக் கூட்டும், குறைக்கும். இடையிலுள்ள ஐந்து ஆண்டுகளோ மனச்சாட்சியின் பொறுப்பு.

“இன்னும் என்னால் முடியும்” என்பது மட்டும் போதிய நியாயமா? முடிவது வேறு, தேவைப்படுவது வேறு. பட்டினத்துப் பாடசாலையில் கணித ஆசிரியர் விலகினால், அவ்விடத்துக்கு வர இளம் பட்டதாரிகள் காத்திருக்கலாம். தீவுப்பகுதிப் பாடசாலையிலோ, பிள்ளைகள் ஆசிரியரின்றியே சாதாரண தரப் பரீட்சைக்குப் போக நேரிடலாம். ஒரே வயது, ஒரே தொழில். ஆயினும் கடமை ஒன்றன்று. முன்னவர் இருப்பது பதவிப்பற்றாகலாம். பின்னவர் போவது கைவிடுதலாகலாம். உடல் தளர்ந்தவரின் நிலை வேறு. அவர் விலகுவதே பிள்ளைகளுக்கு நன்மை.

வீட்டுக்கடனும் மகளின் கலியாணமும் மீதமிருக்கையில் சம்பளத்தை நினைப்பது குற்றமன்று. அதற்குத் ‘தியாகம்’ என்று பெயரிடுவதே பிழை.

ஆகவே, விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் உங்களையே கேளுங்கள்: என் கதிரை வெறுமையானால் இழப்பு யாருக்கு? எனக்கு மட்டுமென்றால், மனநிறைவோடு எழுந்துவிடலாம். பிள்ளைகளுக்கென்றால், இன்னும் சிறிது காலம் இருங்கள். இருக்கும்போதே இன்னொருவரைப் பழக்கிவிடுங்கள்.