மரத்துக்கு முறை வைத்தவர் யார்?

பழவேற்காடு என்னும் பெயரின் இறுதியில் ஒரு காடு நிற்கிறது. ஆயினும் அவ்வூருக்குச் செல்வோரின் கண்ணில் முதலில் படுவன நீரும் மணலும் வலைகளுமே. கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட அந்த மண்ணில் என் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஓலைக் குடிசையில் தொடங்கிய அவர்களின் குடும்பம், பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு அண்மையில் ஒரு சிறிய கான்கிரீட் வீட்டைக் கட்டியது. சுவர் எழுந்தது, தளமும் போட்டாயிற்று. அலமாரிகளும் சமையலறைத் தட்டுகளும் மாதா சுரூபம் வைக்க ஒரு மாடமும் செய்ய வேண்டியிருந்தன. அவற்றுக்குரிய பலகையைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

ஆசாரி இரண்டு மாதிரித் துண்டுகளைக் கொண்டுவந்திருந்தார். இரண்டும் பிளைவுட் என்று நாம் வழங்கும் ஒட்டுப்பலகைகள். ஒன்றின் முகத்தில் கர்ஜன் என்னும் வெளிநாட்டுக் காட்டு மரத்தின் செந்நிறத் தகடு ஒட்டப்பட்டிருந்தது. மற்றொன்று நம் உழவர்களின் தோட்டத்தில் வளர்ந்த மலைவேம்பு. நிறம் சற்று வெளிறியது.

"செவப்பு முகம் போட்டா வீடே எடுப்பா இருக்கும். நாட்டு மரத்தை யாரு மதிப்பாங்க?" என்றார் ஆசாரி.

மைத்துனர் வெளிறிய துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "எங்கப்பா கட்டுமரத்துல இருந்தது இந்த மரந்தான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், ஏரியில நம்ம பாடு வந்தா வலை கட்டுவோம். பாடு முடிஞ்சா அடுத்தவனுக்கு விட்டுட்டு விலகிடுவோம். இந்தச் செவப்பு மரத்துக்கு யாரு முறை வச்சாங்க?" என்று கேட்டார்.

நான்கு புத்தகம் படித்த எனக்கு அக்கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

பாடு என்பது பழவேற்காட்டு மீனவரின் நெடுநாளைய ஒழுங்கு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் முகத்துவாரத்தை அடுத்த நல்ல மீன்பிடி இடங்களைத் தமக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். வலியவன் நாள்தோறும் அள்ளிச் செல்ல இயலாது. எளியவனுக்கும் அவனுக்குரிய நாள் உண்டு. அம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. அதன் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் தம் பங்கு எங்கே என்று கேட்டு வந்திருக்கின்றனர். எனினும் அதன் அடிப்படையில் ஓர் உண்மை உள்ளது: நான் எடுப்பதை என் அயலான் காண்கிறான், நாளை அவன் முகத்தில் நான் விழிக்க வேண்டும். இந்த நாணமே ஏரிக்குக் காவல்.

காட்டு மரத்துக்கு இத்தகைய காவல் உண்டா? நம் நாட்டின் அண்மைக்கால வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு, டி. என். கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த ஆணை இந்தியா முழுவதையும் தொட்டது. அனுமதியின்றிக் காட்டில் இயங்கிய மரம் அறுக்கும் ஆலைகளும் ஒட்டுப்பலகை ஆலைகளும் நிறுத்தப்பட்டன. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியேறுவது தடுக்கப்பட்டது. அங்கே வெட்டப்பட்டவையும் நாட்டு மரங்களே என்பதை நாம் கருத வேண்டும். ஆகவே 'நாட்டு மரம்' என்ற பெயர் ஒன்றே ஒரு பலகையைக் குற்றமற்றதாக்கிவிடாது.

அதன் பின் நிகழ்ந்தது நம் மனச்சான்றை இன்னும் உறுத்துவது. நம் காடுகளின் கதவு அடைபட்டதும் மரவணிகம் பர்மா, மலேசியா முதலிய நாடுகளின் காடுகளை மேலும் நாடியது. 2014 ஏப்ரல் முதல் நாள் பர்மா, வெட்டிய மரத்தை உருளையாக ஏற்றுமதி செய்வதற்குத் தடை விதித்தது. நாம் காத்தது நம் மலையை. கேட்டதோ அயலார் மலையை. ஒரு காலத்தில் பழவேற்காட்டின் வண்ணத் துணிகள் டச்சுக்காரரின் கப்பல்களில் கீழைத் தீவுகளுக்குச் சென்றன. 1613இல் அவர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று இடிபாடாகக் கிடக்கிறது. தொலைவில் இருப்போர் செலுத்தும் விலையை வாங்குபவர் காணாத வணிகம் இவ்வூருக்குப் புதிதன்று.

அப்படியாயின் மெல்லிய மரத்தகட்டை, அதாவது வெனீரை, வெறுத்து ஒதுக்கிவிடலாமா? 'உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டும் மரம்' என்று அதை இகழ்வோர் உண்டு. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கணக்கிட்டுப் பார்த்தபோது என் எண்ணம் மாறியது. ஒரு கன மீட்டர் மரத்தை இருபது மில்லிமீட்டர் பலகைகளாக அறுத்தால், சேதாரம் நீக்காமல் கணக்கிட்டாலும், ஐம்பது சதுர மீட்டர் பரப்பே கிடைக்கும். அதையே அரை மில்லிமீட்டர்த் தகடுகளாகச் சீவினால் இரண்டாயிரம் சதுர மீட்டர் கிடைக்கும். அரிய மரத்தின் அழகைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் சிக்கனம் அது. ஆகவே தகடு மெல்லியது என்பதில் பொய் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பதில்தான் பொய் இருக்கிறது.

இறைவாக்கினர் எரேமியா யோயாக்கிம் அரசனைக் கண்டித்ததும் இத்தகைய ஒரு வீட்டை முன்னிட்டே. அகன்ற மாளிகை, கேதுருப் பலகை வேய்ந்த உட்புறம், அதன் மேல் செந்நிறப் பூச்சு. உழைத்தவருக்கோ கூலி இல்லை. கேதுரு மரத்தில் மற்றவரை விஞ்சுவதால் ஒருவன் அரசனாகிவிடுவானா என்று வினவும் அவர், ஏழைக்கு நீதி வழங்கிய அவன் தந்தை யோசியாவை நினைவூட்டுகிறார் (எரேமியா 22). இங்கே பழிக்கப்படுவது கேதுரு மரம் அன்று. தன் சுவரின் அழகுக்கு வேறொருவர் கொடுத்த விலையைக் காண மறுக்கும் கண்ணே பழிக்கப்படுகிறது. பொருள் வாங்குவதும் ஓர் அறச்செயலே என்று திருத்தந்தையர் பதினாறாம் பெனடிக்ட் 2009இலும் பிரான்சிஸ் 2015இலும் தம் சுற்றுமடல்களில் உணர்த்தியது இதனோடு ஒத்தது.

நாட்டு மரத்தைத் தேர்வதன் பொருளும் இப்போது விளங்குகிறது. அதன் மேன்மை அது 'நம்முடையது' என்பதில் இல்லை. அது நம் கண்ணெதிரே இருக்கிறது என்பதில் உள்ளது. மலைவேம்பை உழவர் நட்டு, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் ஒட்டுப்பலகைக்கு வெட்டுகின்றனர். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி அதன் சாகுபடியை உழவரிடையே பரப்பி வருகிறது. கேரளத்துப் பெரும்பாவூரில் பால் வற்றிய ரப்பர் மரங்களே ஒட்டுப்பலகையாகின்றன. நட்டவன் வெட்டுகிறான், வெட்டிய இடத்தில் மீண்டும் நடுகிறானா என்பதை நாம் சென்று பார்க்கலாம். மரத்துக்கு வைக்கப்பட்ட முறை என்று இதைச் சொல்லலாம்.

இதிலும் விழிப்பு வேண்டும். நாட்டு மரம் என்பதால் அதை ஒட்டும் பசை தூயதாகிவிடாது. மலிவான பலகைகளின் பசையிலிருந்து கசியும் பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. தொலைவிலுள்ள காட்டுக்கு இரங்கும் நாம் தொட்டிலில் உறங்கும் குழந்தையை மறந்துவிடலாகாது. மேலும், கர்ஜன் கனமும் உறுதியும் உடையது, மலைவேம்பு மென்மையானது. நல்லதைத் தேர்ந்தால் இழப்பே இராது என்று சொல்வது நேர்மையாகாது. வறியவர் கையில் இருக்கும் பணத்துக்கு எது கிடைக்கிறதோ அதையே வாங்குவர். அவர்மேல் குற்றம் சுமத்துதல் தகாது. தேர்ந்தெடுக்கும் வசதி யாருக்கு மிகுதியோ அவருக்கே கடமையும் மிகுதி. பெரிய மண்டபங்களையும் பள்ளிகளையும் எழுப்பும் நம் நிறுவனங்கள் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

என் தங்கை வீட்டு அலமாரிகள் மலைவேம்பில் அமைந்தன. உப்பீரக் காற்றும் தண்ணீரும் படும் சமையலறைக்கு மட்டும் நீரைத் தாங்கும் தரமான பலகையை வாங்க நேர்ந்தது. அதன் மரம் எந்த நாட்டது என்று கடைக்காரரிடம் கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க" என்றார். வேறு வழியின்றி அதையே வாங்கி வந்தோம். அந்தச் சமையலறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மைத்துனரின் கேள்வி எனக்கு நினைவு வருகிறது.

பாடு முறையும் ஒரே நாளில் தோன்றியிராது. என்றோ ஒருவர் கரையில் நின்று, 'இன்று யாருடைய முறை?' என்று கேட்டிருக்க வேண்டும். மரக்கடையிலும் அக்கேள்வியை நாம் கேட்கத் தொடங்கலாம். இன்று விடை கிடைக்காமல் போகலாம். ஆனால் பத்துப் பேர் கேட்ட பிறகு, விடை தெரியாமல் விற்பது கடைக்காரருக்கும் கூச்சமாகிவிடும்.