குலுக்கல் சொன்ன பதில்

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. மருந்து எல்லோருக்கும் ஒன்றே. ஒரு பிரிவினருக்கு வீட்டிலேயே சிகிச்சை. மற்றவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் தரும் சானடோரியம். 1959-இல் முடிவு வெளியானது: நெரிசலான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். எவ்வளவு பெரிய செய்தி!

ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிடும் இணையத்தின் ஏ/பி சோதனையும் இதே வழிதான்.

மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை நடத்துபவர் தன் இணையப் பக்கத்துக்கு ‘துல்லியமான வேலை’, ‘மூன்றே நாளில் டெலிவரி’ என்று இரண்டு தலைப்புகளை வைத்து, எதற்கு அதிக விசாரிப்புகள் வருகின்றன என்று பார்க்கலாம். யாருக்கு எந்தத் தலைப்பைக் காட்டுவது என்பதைக் குலுக்கலே தீர்மானிக்கட்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் கணக்கு கெட்டுவிடும். படத்தையும் கூடவே மாற்றக்கூடாது. முதல் நாள் முந்தியதை நம்பி நிறுத்தாமல், போதிய விசாரிப்புகள் சேரும்வரை இரண்டையும் ஓடவிட வேண்டும்.