ஓட்டத்தில் கழியும் மலம்

மனம் சுத்தமான பிறகுதான் நல்ல காரியத்தில் இறங்க வேண்டுமா, அல்லது இறங்கி வேலை செய்யச் செய்யத்தான் மனம் சுத்தமாகுமா? எங்கள் வழிபாட்டு மன்றத்தில் பெரியவர்கள் இதை எடுத்துப் பேசும்போதெல்லாம் எனக்கு மெஷின் நினைவுதான் வரும். சிவகாசியில் நாலு கலர் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன் நான். ஆடிப்பெருக்கு கழிந்து காலண்டர் வேலை சூடுபிடித்துவிட்டால் முருகனும் லட்சுமியும் பிள்ளையாரும் என் கை வழியாகத்தான் வீடுகளுக்குப் போகிறார்கள். அந்தப் படங்களை அடிக்கிற பிராசஸ்லெஸ் பிளேட்தான் இந்தக் கேள்வியை எனக்குத் தெளிவாக்கியது.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்து 1796-ல் ஜெர்மனியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் சுண்ணாம்புக் கல்லில் அச்சடித்துக் காட்டினார். இன்று கல்லின் இடத்தில் சொரசொரப்பாக்கிய அலுமினியத் தகடு இருக்கிறது. உருவம் உள்ள இடம் மையைப் பிடிக்கும். வெற்றிடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையை விலக்கும். வழக்கமான பிளேட்டை லேசரில் காட்டிய பிறகு காரத்தன்மையுள்ள டெவலப்பரில் விட்டு, கழுவி, கம் பூசுவோம். வேண்டாத பூச்செல்லாம் போய்ச் சுத்தமான பிறகே அது மெஷினில் ஏறும். பிராசஸ்லெஸ் பிளேட்டுக்கு அந்தத் தொட்டி கிடையாது. 830 நானோமீட்டர் லேசர் பட்ட இடத்தில் பூச்சு இறுகி உருவமாகிறது. படாத இடத்துப் பூச்சு கழியாமல் அப்படியே இருக்க, பிளேட் சிலிண்டரில் ஏறிவிடுகிறது.

பிறகு நடப்பதைத்தான் நான் அலுக்காமல் பார்க்கிறேன். முதலில் தண்ணீர் ரோலர்கள் மட்டும் சில சுற்று பிளேட்டைத் தொடும். ஈரம் உள்ளே போய்ப் பூச்சின் பிடியைத் தளர்த்தும். அதன்பின் மை ரோலர்கள் இறங்கும். மையின் பிசுபிசுப்பு தளர்ந்த பூச்சைப் பற்றி இழுத்துவிடும். அது பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்புக்கு வந்து, முதல் தாள்களோடு வெளியே போய்விடும். வேலை முடிந்து கையிலிருந்து எதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறோமோ, அந்த மைதான் பிளேட்டைச் சுத்தம் செய்கிறது.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் இதே புதிரை எடுத்துக்கொள்கிறார். உடம்பும் மனமும் உலகமும் மாயையிலிருந்து வந்தவை; மாயையும் ஒரு மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு. மலத்தைக் கொண்டு இறைவன் மலத்தைக் கழுவுவது எப்படி? அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றி, எல்லா அழுக்கையும் சேர்த்து வெளுப்பது போல என்று விடை சொல்கிறார். குடும்பம், கடன், கூலி, கோபம் எல்லாம் என்னை அழுக்காக்குகின்றன என்று நினைத்து ஒதுங்கப் பார்த்த காலம் எனக்கும் உண்டு. அவற்றின் நடுவில் உழன்றால்தான் என் ஆணவ மலத்தின் பிடி தளரும் என்று இப்போது நம்புகிறேன்.

அதற்காக, எப்படி ஓட்டினாலும் சுத்தமாகிவிடும் என்று எண்ணக்கூடாது. தண்ணீரில் உப்பு இருந்தால் ரோலரில் சுண்ணாம்பு படியும், அதனால் ஆர்.ஓ. தண்ணீர்தான் விடுகிறோம். பிளேட்டை நனைக்கிற ஃபவுண்டன் தண்ணீரின் பி.ஹெச். 4.5-லிருந்து 5.5-க்குள் நிற்க வேண்டும். ரோலர் அழுத்தம் பிளேட்டின் அகலம் முழுக்க ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஈரம் போதாமல் மை இறங்கினால் வெற்றிடமெல்லாம் கறை பிடிக்கும். ஈரம் முந்த வேண்டும், மை பிந்த வேண்டும். சைவம் சரியையை, அதாவது உடம்பால் செய்யும் தொண்டை, முதல் படியாக வைத்ததற்குக் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது. அப்பர் பெருமான் உழவாரம் ஏந்திக் கோயில் புல்லைச் செதுக்கினார். பணிவு முன்னே போனால், பின்னால் வரும் உலகம் கறையாக ஒட்டாது.

கர்மம் மனத்தைத் தூய்மையாக்கும், ஞானத்தைத் தராது என்பது ஆதிசங்கரர் வழி. பிளேட்டைப் பார்க்கிறவன் அதை மறுக்க முடியாது. தண்ணீரும் மையும் எவ்வளவு ஓடினாலும் ஒரு புள்ளியைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. வேண்டாததைக் கழிக்கின்றன, அவ்வளவே. உருவத்தைக் கொடுத்தது ஒளி. லேசரின் சக்தி குறைந்தாலோ ஃபோகஸ் தவறினாலோ, எந்த மெஷின்மேனாலும் அந்தப் படத்தைக் காப்பாற்ற முடியாது. ஓட ஓட உருவமே கரைந்துபோகும்.

அந்த ஒளி பட்ட தடம் பிளேட்டில் பளிச்சென்று தெரியாது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்து உற்றுப் பார்த்தால்தான் முருகன் முகம் மங்கலாகத் தெரியும். திரோதான சக்தி என்று சித்தாந்தம் சொல்வது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அருள் தன்னை மறைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்தே உயிரோடு இருக்கிறது, மலம் பக்குவப்படும் வரை. என் முயற்சியால்தான் நான் உருவானேன் என்று பேச எனக்கு இனி வாய் வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிந்த பூச்சு காற்றில் மறைவதில்லை, முதல் தாள்கள்தான் அதை வாங்கிக்கொள்கின்றன. அந்தத் தாளில் அடித்த படம் எந்த வீட்டுச் சுவரிலும் தொங்காது. நம் ஆணவம் கழிகிற நாட்களிலும் அதை யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். தாய், மனைவி, கூட வேலை பார்க்கும் பையன் என்று நமக்கு மிக அருகில் இருப்பவர்கள்தான் அவர்கள். தான் பக்குவப்பட்டதைப் பேசுகிறவர்கள் பலர். அதற்கு விலை கொடுத்தவர்களைப் பேசுகிறவர்கள் குறைவு. அவர்களை மறந்த தூய்மையை நான் தூய்மையாக ஏற்க மாட்டேன்.

ஆகவே, மனம் முழுக்கத் தெளியட்டும், பிறகு தொண்டு செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: இன்றே தொடங்குங்கள். பணிவை முதலில் வையுங்கள். உங்கள் அழுக்கைத் தாங்கியவர்களிடம் போய், வாய்விட்டு நன்றி சொல்லுங்கள்.